பாம்பனில் முழங்கால், பாவ்நகரில் மூணு மாடி: நிலா ஒண்ணுதானே?

பாம்பன்காரன்:
இப்ப வேலை குஜராத் பாவ்நகரில். எங்க ஊர்ல கடல் ஏறி வத்துறது ஒரு மீட்டருக்குள்ளதான். இங்க கோலியாக் கரைக்கு எதிர்ல, கடலுக்குள்ள நிஷ்களங்க மகாதேவர் கோயில். நீர் ஏறினா கொடிதான் தெரியும். வத்தினா ஜனங்க நடந்தே போய்க் கும்பிடுறாங்க. இந்தக் காம்பே வளைகுடாவில ஏற்ற இறக்கம் 10 மீட்டர் வரை போகுமாம். அதே நிலா, ஏன் இவ்வளவு வித்தியாசம்? நிலா இழுக்குதுன்னா அது இருக்கிற பக்கம் மட்டும்தானே ஏறணும், ஒரு நாளைக்கு ரெண்டு தடவை ஏன்? அமாவாசைக்கு அம்மாவைக் கூட்டிட்டுப் போகணும்.

செல்வா:
சூரியன்தான் பெரிசு. முக்கால்வாசி இழுப்பு அதோடதா இருக்கும்.

பழைய மாலுமி:
தம்பி, ரெண்டாவது கேள்வியை முதல்ல எடுத்துக்கறேன். நிலாவைப் பார்த்த பக்கத்துக் கடலை, பூமியோட நடுவைவிட 3 சதவீதத்துக்குக் கொஞ்சம் கூடுதலா நிலா இழுக்குது. எதிர்ப்பக்கக் கடலை ஏறக்குறைய அதே அளவு குறைவா. ஓதத்துக்கு, அதாவது கடல் ஏறி வத்துறதுக்கு, கணக்கு இந்த வித்தியாசம்தான். முன்பக்கத் தண்ணி முந்துது, பின்பக்கத் தண்ணி பின்தங்குது, ரெண்டு பக்கமும் மேடு. பூமி சுத்துறப்ப நம்ம கரை ரெண்டையும் கடக்கும். அதுக்குள்ள நிலாவும் நகர்ந்துடறதால இடைவெளி 12 மணி 25 நிமிஷம்.

செல்வா, சூரியன் பூமியை நிலாவைவிட 180 மடங்கு போல பலமா இழுக்குது, வாஸ்தவம். ஆனா 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கிறதுக்கு, பூமியோட இந்தப் பக்கம் அந்தப் பக்கமெல்லாம் கிட்டத்தட்ட ஒரே தூரம். அதனால ஓதத்துல அதோட பங்கு நிலாவோடதுல பாதிகூட வராது.

இன்னொண்ணு, நிலா தண்ணியை மேலே தூக்கறதில்ல. பூமியோட இழுப்புக்கு முன்னால அந்தத் தூக்கல் கோடியில ஒரு பங்கு. பக்கவாட்டு இழுப்பைத் தடுக்கத்தான் ஆளில்ல. சமுத்திரம் பூரா தண்ணி நகர்ந்து குவியுது. அப்படியும் நிலாவால மட்டும் நடுக்கடல்ல அரை மீட்டர் போலத்தான்.

மிச்சமெல்லாம் காம்பே வளைகுடா செய்யற வேலை. ஓதம் உள்ளே வரவர ரெண்டு கரையும் நெருங்குது, ஆழமும் குறையுது, அதனால தண்ணி உயர எழும்புது. தாம்பாளத்துல தண்ணியோட நடக்கிறப்ப, நடையும் அலம்பலும் ஒத்துப்போனா விளிம்பு தாண்டிச் சிந்துமே, அந்தச் சங்கதியும் இங்க உண்டு. பக்கத்து அலாங்ல கப்பல் உடைக்கிறவங்களுக்கு இது ஆதாயம். பெரிய ஓதத்துல கப்பலை அதோட வேகத்துலயே கரையில ஏத்திடுவாங்க. நீர் வத்தினா அது சேத்துல நிக்கும், கிட்ட நடந்தே போகலாம்.

பாம்பன்காரன்:
நன்றிண்ணே. அப்ப அமாவாசையன்னிக்குப் போறது சரிதானா?

பழைய மாலுமி:
தாராளமா. சூரியனும் நிலாவும் ஒரே கோட்டுல வர்றதால நல்லா வத்தும். ஆனா ஏறுறதும் அதே அளவு, வேகமும் ஜாஸ்தி. பாவ்நகர் ஓத அட்டவணையைப் பாருங்க. நேத்துப் போனவர் சொன்ன நேரம் உதவாது, நாளுக்கு 50 நிமிஷம் போல தள்ளிப்போகும். நீர் வத்திட்டிருக்கிறப்பவே உள்ளே போயிடுங்க, ஏற ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி அம்மாவைக் கரைக்குக் கூட்டிட்டு வந்துடுங்க. பாசி வழுக்கும், கையைப் பிடிச்சுக்கங்க.