மூன்று நாள் ஸ்டாலுக்கு 14,000 வாடகை: தஞ்சாவூர் ஓவியம் விற்கிறவர்கள் சொல்லுங்கள், கட்டுமா?

திருவானைக்கா_கல்பனா:

எல்லோருக்கும் வணக்கம். திருச்சியில் வீட்டிலேயே தஞ்சாவூர் ஓவியம் செய்கிறேன். இதுவரை விற்றதெல்லாம் தெரிந்தவர்களுக்கு, அப்புறம் தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்களுக்கு. கிரகப்பிரவேசத்துக்கு ஒன்று, சஷ்டியப்த பூர்த்திக்கு ஒன்று என்று போய்க்கொண்டிருக்கிறது. இப்போது சென்னையில் ஒரு கல்யாண மண்டபத்தில் மூன்று நாள் கண்காட்சியாம், ஸ்டால் போடுகிறீர்களா என்று வாட்ஸப்பில் கேட்கிறார்கள். ஆறுக்கு ஆறு அடி இடம், வாடகை 14,000. ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் அதில் அடக்கம், ஸ்பாட் லைட்டுக்குத் தனிக் காசு. படங்களைக் கொண்டுபோக வண்டி, நானும் தங்கையும் தங்குவது, சாப்பாடு எல்லாம் சேர்த்தால் 25,000 பக்கம் வந்து நிற்கிறது.

15க்கு 12 அங்குலப் படத்தை ஃபிரேமோடு 9,500க்குக் கொடுக்கிறேன். பலகை, காடாத் துணி, கல், தங்க ரேக்கு (மெல்லிய தங்கத் தகடு), ஃபிரேம் என்று என் கையிலிருந்தே 4,500 போய்விடுகிறது. அதுவும் பழைய ரேக்கு கொஞ்சம் கையிருப்பில் இருப்பதால்தான், தங்கம் ஏறுகிற ஏற்றத்துக்கு அடுத்த முறை என்ன ஆகுமோ. வீட்டுக்காரர் "போய்ப் பாரேன், நாலு பேருக்குத் தெரியட்டும்" என்கிறார். மாமியார் "வீடு தேடி வந்து வாங்குகிறார்களே, எதற்கு இந்த அலைச்சல்" என்கிறார். எனக்கு இரண்டுமே நியாயமாகத்தான் படுகிறது.

கும்பகோணம்_ரேக்கு:

கல்பனா, உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்வோம். ஒரு படத்துக்கு 5,000 நிற்கிறது. 25,000 செலவை எடுக்கவே ஐந்து படம் விற்றாக வேண்டும். அந்த ஐந்து படத்துக்கும் உங்கள் கூலி பூஜ்யம். துணி ஒட்டி, சுக்கான் மாவு (சுண்ணாம்புக்கல் தூள்) பூசித் தேய்த்து, மக்கு (மேடு எழுப்புகிற பசை) வைத்து, கல் பதித்து, ரேக்கு ஒட்டி, அப்புறம் முகம் எழுதி... இத்தனையும் மண்டப வாடகைக்காக. ஆறாவது படத்திலிருந்துதான் உங்களுக்கு வருமானமே ஆரம்பம். ஆறு பெரிய படம் மூன்று நாளில் போகிற மண்டபமா அது என்பதுதான் கேள்வி.

ஏற்பாடு செய்கிறவர்களிடம் எத்தனை ஆயிரம் பேர் வருவார்கள் என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஒரே பதில்தான் சொல்வார்கள். பக்கத்து ஸ்டாலில் என்ன விற்கிறது என்று கேளுங்கள். நைட்டி, வடாம், கவரிங் நகை, தோசைக்கல் என்றால் அங்கே வருகிறவர்கள் 300, 500 கையில் வைத்துக்கொண்டு வருகிறவர்கள். அவர்கள் மேல் தப்பே கிடையாது. ஆனால் 9,500 ரூபாய்ப் படத்தை அந்த வரிசையில் மாட்டினால் "ஆன்லைனில் 1,800க்கு இருக்கே" என்பதற்குப் பதில் சொல்லியே தொண்டை கட்டிவிடும். அந்த 1,800 என்பது அச்சடித்த படத்தில் பித்தளைத் தாள் ஒட்டியது. அதை நாம் சொன்னால் பொறாமையில் பேசுகிற மாதிரி ஆகிவிடுகிறது, வேடிக்கைதான்.

பெங்களூர்_ஈஸ்வரி:

எங்கே போடுகிறோம் என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது, ரேக்கு சார் சொன்னது சரி. கல்பனா, பெங்களூரில் கர்நாடக சித்ரகலா பரிஷத் நடத்துகிற சித்ர சந்தைக்கு விண்ணப்பித்துப் பாருங்கள். வழக்கமாக ஜனவரி முதல் வாரத்து ஞாயிறு, ஒரே நாள். குமாரகிருபா சாலையில் வண்டிகளை நிறுத்திவிட்டுத் தெரு முழுக்கப் படமாக வைத்துவிடுவார்கள். பல மாநிலங்களிலிருந்து ஓவியர்கள் வருவார்கள். கூட்டம் லட்சக்கணக்கில். நூறு இருநூறு ரூபாய்க் கோட்டுச் சித்திரமும் உண்டு, லட்ச ரூபாய்ப் படமும் உண்டு. முக்கியமான விஷயம், அங்கே வருகிறவர்கள் படம் பார்க்கவே கிளம்பி வந்தவர்கள். மைசூர் பாணி ஓவியம் பார்த்துப் பழகிய ஊர் என்பதால் ரேக்கு வேலை என்றால் என்ன என்று பாடம் நடத்த வேண்டியதில்லை. தஞ்சாவூரில் மக்கு மேடு உயர்ந்திருக்கும், மைசூரில் தாழ்ந்திருக்கும், அதைக்கூட அவர்களே சொல்லிவிடுவார்கள்.

கேட்கச் சுகமாக இருக்கிறது இல்லையா, இப்போது கஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். விண்ணப்பித்தவர்கள் எல்லோருக்கும் இடம் கிடைக்காது, படங்களைப் பார்த்துத் தேர்வு செய்வார்கள். முந்தின நாளே வந்தாக வேண்டும். மண்டபம் இல்லை, தெரு. பத்து மணிக்கு மேல் வெயில் கண்ணாடியில் பட்டுத் திரும்பினால் சாமி முகமே தெரியாது, பார்க்கிறவர் முகம்தான் தெரியும். படத்தைக் கொஞ்சம் முன்பக்கம் சாய்த்து வைக்க வேண்டும், அதற்குத் தோதாக ஸ்டாண்ட் வேண்டும். பத்து நிமிஷம் எழுந்து போகவும் ஆள் துணை வேண்டும், அதனால் தங்கையைக் கட்டாயம் கூட்டி வாருங்கள்.

நான் போட்டபோது அன்றைக்குப் போனது பெரும்பாலும் சின்னப் படங்கள்தான், உள்ளங்கை அகலப் பிள்ளையார், தவழும் கண்ணன். பெரிய படத்தை நின்று பார்த்துவிட்டு நம்பர் வாங்கிக்கொண்டு போனவர்களில் சிலர் தை, மாசியில் போன் செய்தார்கள். ஒருவர் பூஜை அறை அளவு சொல்லி அன்னபூரணி கேட்டார். ஸ்டால் கணக்கை அன்று சாயங்காலமே முடித்துவிடாதீர்கள், ஆறு மாதம் திறந்தே வைத்திருங்கள்.

வகுப்பு_வாத்தியார்:

எல்லோரும் வண்டியேற்றி அனுப்பப் பார்க்கிறீர்கள், நான் கொஞ்சம் குறுக்கே பேசுகிறேன். இந்தக் கலையில் உட்கார்ந்து சம்பாதிக்கிற பலருக்குச் சோறு போடுவது வகுப்புதான், விற்பனை இல்லை. நான்கைந்து பேரைச் சேர்த்து ஒரு கிருஷ்ணர் முடிக்கிற வரைக்கும் சொல்லிக்கொடுத்தால் பொருள் செலவு அவர்களுடையது, உங்களுக்குக் கூலி முழுசாக வரும், கண்ணாடி உடையாது, மழை பெய்தால் கவலை இல்லை. விற்பனையில் தங்கம், கல், ஃபிரேம் என்று முதலைப் போட்டுவிட்டு வாங்குகிறவர் வருகிற வரைக்கும் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

காலரியில், அதாவது படம் விற்றுத் தருகிற ஓவியக் கூடத்தில், வைக்கலாமே என்று அடுத்து யாராவது சொல்வார்கள். மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதி வரைக்கும் அவர்களுக்குப் போகும். விலையை அதற்குத் தக்கபடி ஏற்றினால், வீட்டில் வாங்குகிறவருக்கும் அதே விலைதான் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் காலரிக்காரர் முகம் கொடுத்துப் பேச மாட்டார்.

சென்னை ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் 1966இல் கே.சி.எஸ். பணிக்கரும் அவரோடு இருந்த ஓவியர்களும் சேர்ந்து தொடங்கியது. பாட்டிக் துணி (மெழுகு வைத்துச் சாயம் ஏற்றியது) மாதிரி கைவினைப் பொருட்களை விற்ற காசுதான் அங்கே கைகொடுத்தது. வயிற்றுக்கு ஒரு கைவேலை, மனசுக்கு ஓவியம் என்று பிரித்துக்கொண்டார்கள். அவ்வளவு பெரிய ஓவியர்களே படத்தை மட்டும் நம்பி உட்காரவில்லை.

பெங்களூர்_ஈஸ்வரி:

வாத்தியார் சார், வகுப்பு நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் வகுப்பெடுத்தே வருடம் ஓடிவிட்டால் சொந்தப் படம் எப்போது போடுவது? தெருவில் உட்கார்ந்தபோது முன்பின் தெரியாதவர் ஒருவர் குனிந்து மயில் கழுத்தில் கல் வரிசையை விரலால் எண்ணிக்கொண்டே போனார். வாங்கவில்லை. ஆனால் சொந்தக்காரர்கள் "ரொம்ப அழகு" என்று சொல்வதற்கும் அதற்கும் வித்தியாசம் இருக்கிறது, அதை எந்தக் கணக்கில் எழுதுவது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

சும்மா_பார்க்கவந்தவன்:

நான் வரைகிறவன் இல்லை, வாங்குகிறவன். ஒரு வார்த்தை சொல்லலாமா? உங்கள் படம் அசலா என்று எங்களுக்குத் தெரியாது. எல்லாமே பளபள என்றுதான் இருக்கிறது. நான் வாங்கிய படம் ஒன்றை அந்த அம்மா திருப்பிக் காட்டினார். பின்பக்கத்தில் பலகை என்ன, ரேக்கு எங்கே வாங்கியது, வருடம், தன் பெயர் எல்லாம் கையால் எழுதி ஒட்டியிருந்தார். பக்கத்திலேயே பாதி முடிந்த படம் ஒன்று, பென்சில் கோடும் வெள்ளை மக்கும் அப்படியே தெரிய, ரேக்கு ஒரு மூலையில் மட்டும் ஒட்டியது. அதைப் பார்த்த பிறகு விலை அதிகம் என்று வாயே வரவில்லை. தயவுசெய்து முடியாத படம் ஒன்றையும் கொண்டு போங்கள்.

இன்னொன்று, விலையை எழுதி ஒட்டுங்கள். கேட்டுவிட்டு வாங்காமல் போகச் சங்கடப்பட்டே பாதிப் பேர் கேட்காமல் போய்விடுகிறோம்.

மாமல்லை_உளி:

கல் வேலை செய்கிறவன் நான், ஆனாலும் சந்தை எல்லோருக்கும் ஒன்றுதான். கல்பனா அக்கா, கைவினைஞர் அடையாள அட்டை வாங்கிவிட்டீர்களா? மத்திய அரசின் கைவினைப் பொருட்கள் ஆணையர் அலுவலகம் தருகிற பெஹ்சான் அட்டை. இல்லாவிட்டால் முதலில் அதற்கு விண்ணப்பியுங்கள், 14,000 வாடகையெல்லாம் அப்புறம். காந்தி ஷில்ப் பஜார் மாதிரி அவர்கள் ஆதரவில் நடக்கிற சந்தைகளில் தேர்வானவர்களுக்கு ஸ்டால் வாடகை இல்லை, பயணப்படியும் உண்டு. டெல்லி ஐஎன்ஏ பக்கம் இருக்கிற தில்லி ஹாட்டில் கைவினைஞர்களுக்கு முறைவைத்து இடம் தருகிறார்களே, அங்கேயும் இந்த அட்டை வேண்டும்.

வெளிமாநிலம் போனால் ஜிஎஸ்டி எண் கேட்டுப் பயமுறுத்துவார்கள். கைவினைப் பொருளுக்கு 2017இலிருந்தே விலக்கு இருக்கிறது. ஆண்டு விற்பனை 20 லட்சத்தைத் தாண்டாத வரைக்கும் வெளிமாநிலத்தில் விற்கப் பதிவு தேவையில்லை. அந்தப் பட்டியலில் தஞ்சாவூர் ஓவியம் பெயர் போட்டே இருக்கிறது. ஆனால் பான் அட்டை வேண்டும், சரக்கு எவ்வளவு சின்னதானாலும் இ-வே பில் (சரக்கு கொண்டுபோக இணையத்தில் எடுக்கிற சீட்டு) போட்டுக்கொண்டு போக வேண்டும். சில தனியார் ஏற்பாட்டாளர்கள் எண் இல்லாமல் ஸ்டாலே தர மாட்டோம் என்பார்கள், அது அவர்கள் வைத்த விதி. ஆடிட்டர் ஒருவரிடம் ஒரு தடவை கேட்டுக்கொள்ளுங்கள்.

திருவானைக்கா_கல்பனா:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு பதில் வரும் என்று நினைக்கவில்லை. மண்டபத்தில் பக்கத்து ஸ்டால் என்ன என்று கேட்டேன். ஒரு பக்கம் ஊறுகாய், ஒரு பக்கம் மசாஜ் மெஷின். சரி, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அட்டைக்கு விண்ணப்பம் தயார் செய்கிறேன், சித்ர சந்தைக்கும் அனுப்பப் போகிறேன். வாத்தியார் சார், பக்கத்துத் தெருவில் இரண்டு பேர் கற்றுக்கொடுங்கள் என்று ரொம்ப நாளாகக் கேட்கிறார்கள், அதையும் ஆரம்பிக்கலாம் என்றிருக்கிறேன்.

இன்னும் இரண்டு சந்தேகம். கடைசி விலை என்ன என்று கேட்டால் எவ்வளவு குறைப்பது? கண்ணாடியோடு ரயிலில் எப்படிக் கொண்டுபோவது?

கும்பகோணம்_ரேக்கு:

விலை: பெரிய படத்தில் பைசா குறைக்காதீர்கள். இன்று ஒருவருக்கு 7,000க்குக் கொடுத்தால் அவர் மச்சினிக்கும் அதே விலைதான். ரொம்பக் கேட்டால் சின்னப் பிள்ளையார் ஒன்றை ஃபிரேம் இல்லாமல் சேர்த்துக் கொடுங்கள், அவருக்கும் திருப்தி, படத்தின் விலையும் நிற்கும். விலை சொல்லும்போது உங்கள் கூலியையும் சேர்த்துச் சொல்லுங்கள், 9,500 குறைச்சல் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கண்ணாடி: வெளியூருக்குக் கண்ணாடிக்குப் பதிலாக அக்ரிலிக் ஷீட் போட்டு எடுத்துப் போங்கள், கனமும் குறையும். கீறல் விழாமல் அதன் மேல் இருக்கிற பிளாஸ்டிக் தாளை ஊர் போய்ச் சேர்ந்த பிறகு உரியுங்கள். இரண்டிரண்டு படமாக முகத்தோடு முகம் வைத்து, நடுவில் தெர்மாகோல், நான்கு மூலையிலும் அட்டை மடித்துக் கட்டி, படுக்க வைக்காமல் நிறுத்தி வையுங்கள். கல் ஒன்றிரண்டு எப்படியும் உதிரும், ஃபெவிகாலும் மிச்சக் கல்லும் கைப்பையில் இருக்கட்டும்.