கலெக்டர் ஆபீஸ் ஆலோசனைக் குழுக்கள்: உள்ளே உட்கார்ந்து பார்த்தவங்க சொல்லுங்க

தாளடி:

பயிர்க்கடன் அளவு, அதாவது எந்தப் பயிருக்கு ஏக்கருக்கு எவ்வளவு கடன்னு, போடுற மாவட்டத் தொழில்நுட்பக் குழு. இங்கே எல்லாருக்கும் தெரிஞ்ச கூட்டம்தான். கலெக்டர் தலைமை, கூட்டுறது மத்தியக் கூட்டுறவு வங்கி, சுத்தி முன்னோடி வங்கி மேலாளர், நபார்டு, வேளாண்மை, தோட்டக்கலை, கால்நடை, கடைசி வரிசையில "முன்னோடி விவசாயிகள்". கையில கொடுக்கிற தாளில் மூணு கட்டம்: பயிர், போன வருஷத் தொகை, இந்த வருஷ உத்தேசம். மூணாவது கட்டம் ஏற்கெனவே டைப் அடிச்சு வந்திருக்கும்.

மறக்க முடியாதது இணைப்புத் தாள். நெல் சாகுபடிச் செலவு வரிவரியா இருக்கு. அறுவடை வரியில இத்தனை ஆண், இத்தனை பெண், ஆளுக்கு இவ்வளவு கூலின்னு கணக்கு. கடைசி வரிசையில ஒருத்தர் எழுந்து, "இந்த ஆளுங்க எந்த ஊருன்னு சொல்லுங்க சார், நாளைக்கே வேன் அனுப்புறேன்" என்றார். சபை சிரிச்சுது. சிரிச்சு முடிச்சதும் அவர் ஒரு கட்டு அறுவடை மெஷின் வாடகை ரசீதை நீட்டினார். செயின் வண்டி, டயர் வண்டி, ஈர வயலுக்கு எத்தனை மணி நேரம், காஞ்ச வயலுக்கு எத்தனை, டிரெய்லர் வாடகை தனியா. கண்காணிப்பாளர் அந்த வரியை அப்படியே பென்சிலால அடிச்சு, மேலே புது எண்ணை எழுதினார். அன்னைக்கு மாறின ஒரே வரி அதுதான். ரெண்டு மணி நேரம் மைக்குல பேசினதுல வேற ஒரு எண்ணும் அசையலை.

இது ஏன் முக்கியம்னா, கிசான் கார்டு (விவசாயக் கடன் அட்டை) வரம்பு இந்த எண்ணுல இருந்துதான் கிளம்புது. உதாரணத்துக்கு ஏக்கருக்கு 36,000 போட்டாங்கன்னா, அதுக்கு மேல வீட்டுச் செலவு, அறுவடைக்குப் பிந்தைய செலவுக்கு 10 சதவீதம், பண்ணைச் சொத்துப் பராமரிப்புக்கு 20 சதவீதம். மொத்தம் 46,800. காப்பீட்டு பிரீமியம் தனி. அடியில 2,000 குறைஞ்சா மேலே 2,600 குறையும்.

கடைமடை:

அண்ணே, ரசீது கட்டு எல்லா இடத்திலும் எடுபடாது. மாதாந்திர விவசாயிகள் குறைதீர் நாள் கூட்டத்துக்கு வாங்க, அங்கே புத்தகம்தான் ராஜா.

போன மாச மனுக்களுக்குத் துறைவாரியா பதில் அச்சடிச்சு வாசல்லயே கொடுப்பாங்க. ஒரு வாய்க்கால் தூர்வாரக் கேட்ட மனு. நீர்வளத்துறை பதில்: "மேற்படி வாய்க்கால் இத்துறையின் கட்டுப்பாட்டில் இல்லை." அடுத்த மாசப் புத்தகத்துல அதே மனு, வேளாண் பொறியியல் துறை பதில்: "நிதி ஒதுக்கீடு பெறப்பட்டவுடன் மேற்கொள்ளப்படும்." அதுக்கடுத்த மாசம் தண்ணி வந்தாச்சு. மனு "முடிவுற்றது" பட்டியல்ல ஏறியாச்சு. மனு கொடுத்த பெரியவர் அந்தப் பக்கத்தைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு நின்னார். எதுவும் பேசலை. டி.ஆர்.ஓ. (மாவட்ட வருவாய் அலுவலர்) அடுத்த பேரைக் கூப்பிட்டார்.

டெல்டாவுல ஏ, பி வகைப் பெரிய வாய்க்காலுக்கு நீர்வளத்துறை. சி, டி வகைச் சின்ன வாய்க்கால்னா சமீப வருஷங்கள்ல வேளாண் பொறியியல் துறை கையில எடுத்துச் செய்யுது. ஊருக்குள்ள ஓடுற குட்டி வாய்க்கால் ஊரக வேலைத் திட்டத்துல போச்சுன்னா ஊரக வளர்ச்சித் துறை. வாய்க்கால் பேரோட எந்த வகை, தலைப்பு (தண்ணி பிரியுற இடம்) எங்கே, எத்தனை கிலோமீட்டர்ல இருந்து எத்தனை வரைன்னு எழுதாத மனு கைமாறிக்கிட்டே கிடக்கும். மேட்டூர் திறக்குற வழக்கமான நாள் ஜூன் 12. மதிப்பீடு, நிர்வாக அனுமதி, டெண்டர் எல்லாம் முடிஞ்சு பொக்லைன் இறங்கணும்னா மனு ஜனவரி, பிப்ரவரிக் கூட்டத்துலயே போகணும். ஜனவரி 28 அணை மூடுற நாள்னு வச்சுக்கிட்டா, மூடின கையோட வாய்க்காலை நடந்து பார்த்து போட்டோ எடுத்துடலாம், வண்டலும் கோரையும் நல்லா தெரியும். நம்ம ஆளுங்க மே மாசக் கூட்டத்துலதான் தூர்வாரலைப் பத்திக் கொதிப்பாங்க. அப்போ கொதிச்சு என்ன செய்ய?

இன்னொண்ணு. ஒரே மனுவுல வாய்க்கால், மின்மாற்றி, காட்டுப்பன்னி, கொள்முதல் நிலையம்னு நாலையும் எழுதாதீங்க. கலெக்டரோட நேர்முக உதவியாளர் (வேளாண்மை) பிரிவுல முதல் கோரிக்கைக்கு உரிய துறைக்குத்தான் அனுப்புவாங்க. மத்த மூணும் அந்தத் துறை மேசையிலேயே செத்துப் போகும். ஒரு கோரிக்கைக்கு ஒரு தாள், ஒவ்வொண்ணுக்கும் தனி ஒப்புகை எண்.

வரப்போரம்:

குறைதீர் கூட்டம் ஆலோசனைக் குழுவே கிடையாது, அது மனு வாங்குற நாள். ரெண்டையும் குழப்பக்கூடாது. சட்டதிட்டப்படி ஆலோசனைன்னு பேர் போட்டிருக்கிறது அட்மா (வேளாண் தொழில்நுட்ப மேலாண்மை முகமை) குழுதான்: வட்டாரத்துக்கு ஒண்ணு, மாவட்டத்துக்கு ஒண்ணு, மாநிலத்துக்கு ஒண்ணு. வட்டாரக் குழுவுல தலைவரே விவசாயிதான்.

ஒரு வட்டாரத்துல செயல்திட்டம் ஒப்புதலுக்கு வந்தது. பயிற்சி, செயல்விளக்கம், கண்டுணர்வுப் பயணம், பண்ணைப் பள்ளி, விவசாயி விஞ்ஞானி கலந்துரையாடல், எல்லாத்துக்கும் எண்ணிக்கையும் தொகையும் போட்டு ரெடி. பதிவேடு முதல்ல சுத்தி வந்துது, தீர்மானம் எழுதுற பக்கம் வெறுமையா இருக்கு, கையெழுத்து மட்டும் கீழே இறங்கிக்கிட்டே போகுது. பாதி ஆள் போட்டாச்சு. ஒரு அம்மா பேனாவை மூடி வச்சுட்டாங்க. "மேல என்ன எழுதப் போறீங்கன்னு எழுதுங்க தம்பி, அப்புறம் போடுறேன்." உதவி தொழில்நுட்ப மேலாளர் எழுத ஆரம்பிச்சார். எழுதும்போதே அந்த அம்மா கேட்டாங்க: பயிற்சி எல்லாமே நெல்லுன்னு இருக்கே, ஆட்டுக்கும் கோழிக்கும் ஒண்ணும் இல்லையா? அட்மா நிதியில குறைஞ்சது 30 சதவீதம் பெண் விவசாயிகளுக்கும் பெண் பணியாளர்களுக்கும் போகணும்னு வழிகாட்டுதலே இருக்கு. ரெண்டு நெல் பயிற்சி தீவனப்புல்லுக்கும் ஆட்டுக்கொட்டகைக்கும் மாறினது அந்த அஞ்சு நிமிஷத்துலதான்.

பண்ணைப் பள்ளி இன்னொரு கூத்து. 25 பேர், ஆறு வகுப்பு, விதைநேர்த்தியில ஆரம்பிச்சு அறுவடை வரை வயல்லயே நடக்கணும். சம்பாவுக்குன்னா நாத்தங்காலுக்கு முன்னாடி முதல் வகுப்பு. நிதி விடுவிப்பு ஐப்பசியில வந்தா விதைநேர்த்தி வகுப்பை நட்ட வயல்ல நின்னு எடுக்கிறாங்க. குழுவுல இருக்கிறவங்க கேட்க வேண்டியது, "எத்தனை பண்ணைப் பள்ளி" இல்லைங்க, "எந்த மாசம்". சம்பாவுக்கு வராத பணத்தை கோடை உளுந்துக்கு மாத்தி எழுதச் சொல்லிடுங்க, வகுப்பாவது உருப்படியா நடக்கும்.

தாளடி:

வரப்போரம், அட்மா செயல்திட்டத்துல மொத்தமா எவ்வளவு பணம் புரளுது? கடன் அளவுல ஒரு வரி மாறினா மாவட்டத்துக்கே மாறும். அதோட ஒப்பிடவே முடியாது.

அளவுக்கயிறு:

ரெண்டு பேரும் ஒண்ணை விட்டுட்டீங்க. கடன் அளவை வச்சுத்தான் பெரும்பாலும் பயிர்க் காப்பீட்டுத் தொகையும் வருது. அங்கே குறைச்சுப் போட்டா, வெள்ளம் வந்தப்புறம் இழப்பீடும் குறையும். ஆனா இழப்பீடு உண்மையில முடிவாகுறது கூட்ட அரங்குல கிடையாது, வயல்ல.

பயிர் அறுவடைப் பரிசோதனை பார்த்திருப்பீங்க, வயல்ல ஒரு துண்டை அளந்து அறுத்து எடை போட்டு விளைச்சலைக் கணக்கிடுறது. நெல்லுக்கு 5 மீட்டருக்கு 5 மீட்டர். வயலோட தென்மேற்கு மூலையில நின்னு, கொடுத்திருக்கிற எண்படி நீளவாக்குல இத்தனை அடி, அகலவாக்குல இத்தனை அடி நடந்து முதல் முளை. கண்ணுல நிக்கிறது அந்தக் கயிறு. நைலான் கயிறு, நாலு முளை, கயிறு நடுவுல தொய்ஞ்சு வெளிப்பக்கம் வயிறு தள்ளி நிக்குது, கதிரு கனத்துல இன்னும் தள்ளுது. அப்படியே உள்ள இருக்கிறதை அறுத்தாங்க.

கணக்கு பாருங்க. பக்கத்துக்கு 10 சென்டிமீட்டர் கூடினா 25 சதுர மீட்டர் 26 ஆகும். விளைச்சல் 4 சதவீதம் கூடுதலாக் காட்டும். உத்தரவாத மகசூல் (இதுக்குக் கீழே போனாத்தான் இழப்பீடு) எக்டருக்கு 4,500 கிலோ, நிஜ விளைச்சல் 3,600ன்னு வச்சுக்கோங்க. குறைவு 20 சதவீதம், 36,000 காப்பீட்டுத் தொகைக்கு 7,200 கிடைக்கணும். தொய்ஞ்ச கயிறு 3,744ன்னு காட்டும், குறைவு 16.8 சதவீதம், 6,048 ரூபாய். ஏக்கருக்கு 1,152 போச்சு, அந்த வயல்காரருக்கு மட்டும்னு நினைக்காதீங்க. கிராமத்துக்கு நாலு பரிசோதனை, அந்தச் சராசரி ஊர் முழுக்கப் பேசும். தராசுல 100 கிராம் தப்பினா எக்டருக்கு 40 கிலோ தப்புது, 400ஆல பெருக்குறாங்க.

கேட்காமலே சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. பயிர்க் காப்பீட்டுக்கான மாவட்ட அளவுக் கண்காணிப்புக் குழுவுல விவசாயிப் பிரதிநிதி உண்டு. அவர் இழப்பீடு வந்தப்புறம் சண்டை போடாம, அறுவடைக்கு முன்னாடியே கிராமவாரியா எந்த சர்வே எண், எந்தத் தேதின்னு பட்டியலைக் கேட்டு வாங்கணும். அன்னைக்கு வயலுக்கு ஒரு டேப் எடுத்துட்டுப் போங்க. நாலு பக்கமும் 5 மீட்டரான்னு முளைக்கு முளை அளங்க. அப்புறம் ரெண்டு மூலைவிட்டமும் 7 மீட்டர் 7 சென்டிமீட்டர் வரணும், வரலைன்னா மூலைமட்டம் இல்லை. கயிறு தொய்ஞ்சா நடுவுலயும் ஒரு குச்சி ஊனச் சொல்லுங்க. கயித்து மேல நிக்கிற தூரு, அடிப்பாகம் பாதிக்கு மேல உள்ளே இருந்தா மட்டும் சேர்த்தி. அடிச்ச நெல்லு ஈரமா இருக்கும், உலர்த்தின எடை தனியாப் பதியணும், அந்தக் கட்டத்தைக் காலியா விட்ட படிவத்துல சாட்சிக் கையெழுத்து போடாதீங்க. செயலியில போட்டோ ஏத்துறாங்க, ஆனா போட்டோவுல கயித்தோட தொய்வு தெரியாது. படிவத்தை அங்கேயே போன்ல படம் எடுத்துக்கோங்க. ரெண்டு மாசம் கழிச்சு மாவட்டக் கூட்டத்துல பேசுறப்ப அந்தப் படம்தான் பேசும்.

களத்துமேடு:

சிலது களத்துலயும் முடிவாகாது. அரசு நெல் கொள்முதலுக்கு ஈரப்பதம் 17 சதவீதம் வரைதான். தொடர்மழை வந்தா மாநிலம் 22 வரை தளர்த்தக் கேட்டு டெல்லிக்கு எழுதும், மத்தியக் குழு வரும், நேரடிக் கொள்முதல் நிலையத்துல சாக்குக்குள்ள குத்தூசி விட்டு மாதிரி எடுப்பாங்க, கவர்ல போட்டு ஒட்டுவாங்க, ஆய்வகத்துக்குப் போகும். கேட்டதே கிடைச்சுடும்னு இல்லை. குழுவோட கார் வந்தன்னைக்கு வெயில் அடிச்சா அன்னைக்கு மேல்மூட்டை 18 காட்டும். தார்ப்பாய்க்கு அடியில இருக்கிற அம்பாரத்துல கை விட்டா சூடு, முளை வெள்ளையா எட்டிப் பார்க்குது. அதிகாரி அடுத்த நிலையத்துக்குக் கிளம்பிட்டார்.

கடைமடை மாதிரி "ஜனவரியிலயே மனு கொடு"ன்னு இதுக்குச் சொல்ல முடியாது. மழை எப்போ வரும்னு யாருக்குத் தெரியும்?

கடைமடை:

களத்துமேடு அண்ணே, மழைத் தேதி தெரியாது. ஆனா சாக்கு, தார்ப்பாய், லாரி இயக்கம் எல்லாம் முன்னாடியே கேட்கலாம் இல்லையா? குறுவைக் கொள்முதலுக்கு செப்டம்பர் 1ல நிலையம் திறக்குறாங்க. ஆகஸ்ட் கூட்டத்துல எந்த நிலையத்துல எத்தனை மூட்டை இருப்பு தாங்கும், எத்தனை நாளைக்கு ஒரு தடவை லாரின்னு எழுத்துல பதில் வாங்கலாம். 40 கிலோ சிப்பம், ஒரு லாரிக்கு எவ்வளவு ஏறும்னு எல்லாருக்கும் தெரியும். நெல்லு நனையுறதுல பாதி, வாங்கின மூட்டை நகராம இடத்தை அடைச்சுக்கிட்டு நிக்கிறதால.

கொழுந்து:

எல்லாரும் நெல்லையே பேசுறீங்க. நீலகிரியிலயும் கலெக்டர் தலைமையில பச்சைத் தேயிலை விலைக் கண்காணிப்புக் குழு இருக்கு. ஏல விலையில 65 சதவீதம் விவசாயிக்கு, 35 சதவீதம் தொழிற்சாலைக்கு. கிலோ தூள் 100 ரூபாய்க்குப் போனா 65. ஒரு கிலோ தூளுக்கு நாலரைக் கிலோ கொழுந்துன்னா, கிலோ பச்சை இலைக்கு 14 ரூபா 44 காசு. இது வரைக்கும் சபையில யாரும் சண்டை போட மாட்டாங்க, கணக்கு சுத்தம்.

சண்டை கொழுந்து எடை போடுற இடத்துல. மழை நாள்ல மூட்டைக்கு இவ்வளவுன்னு ஈரக் கழிவு, முத்தின இலைக்குத் தனிக் கழிவு, சாக்கு எடைக் கழிவு. 30 கிலோ கொண்டு போனா 27ன்னு சீட்டு. 14.44ன்னு குழு அறிவிச்சது 27க்குத்தான். கையில வர்றது நிஜத்துல கிலோவுக்கு 13 ரூபாய். குழுவுல ஒருத்தர் சீட்டைக் காட்டி, "விலையை விடுங்க, இந்த மூணு கிலோவுக்கு யார் விலை போடுறது?" என்றார். தொழிற்சாலைக்காரங்க சார்புல வந்தவர் ஏலக் கணக்கையே மறுபடி வாசிச்சார்.

தாளடி:

கொழுந்து, சீட்டுல கழிவு தனித்தனியா எழுதுறாங்களா, மொத்தமா நிகர எடை மட்டுமா? தனியா இருந்தா மூணு மாசச் சீட்டைச் சேர்த்து சராசரி கழிவு சதவீதம் போட்டு அடுத்த கூட்டத்துக்கு முன்னாடியே எழுத்துல கொடுத்துடுங்க. நிகர எடை மட்டும்னா முதல்ல கேட்க வேண்டியது சீட்டுல அந்தக் கட்டத்தை.

கொழுந்து:

நிகர எடை மட்டும்தான்.