ஈயம் உருக்கியவர்கள், பழைய துவக்கு (துப்பாக்கி) தோட்டா நிரப்பியதைப் பார்த்தவர்கள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மஸ்கெலியாக்காரன்:
நேரே விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பெரியப்பா இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாத் தேயிலைத் தோட்டத்துத் துரை பங்களாவில் வாச்சர். அங்கே மார்ட்டினி என்ற பழைய துவக்கு ஒன்று இருந்தது, அடியில் லீவரை இழுத்தால் குழலின் பின்வாயை அடைக்கும் பிளாக் இறங்குமே, அதுதான். அதற்குத் தோட்டா எங்கேயும் கிடைக்காத காலம். சுட்டு முடிந்த பித்தளைக் கோதுகளையே (வெற்றுத் தோட்டாக் கூடுகளையே) துரை திரும்பத் திரும்ப நிரப்புவார். வெடிமருந்து அவர் பொறுப்பு, குண்டு வார்ப்பது பெரியப்பா. ஈயத்துக்கு ஸ்டோர் பரணில் கிடந்த பழைய தேயிலைப் பெட்டிகளின் உள்தாள்.

குசினிக்குப் பின்னால் தகரச் சாய்ப்பில் அடுப்பு. ஜூலை மாதம், மஸ்கெலியா மழை எப்படி என்று தெரியும்தானே. கசடை வழித்து எடுத்தவுடன் ஈயம் கண்ணாடி மாதிரி ஆனது, மேலே இருந்த கூரை அப்படியே அதற்குள் தெரிந்தது. நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தகரத்தின் ஆணி ஓட்டையில் ஒரு சொட்டுத் தண்ணீர் திரண்டு கனத்துத் தொங்குவதையும் அந்த ஈயத்துக்குள்ளேதான் பார்த்தேன். பெரியப்பா அகப்பையை உள்ளே அமிழ்த்தினார், சொட்டு விழுந்தது, பட்டென்று வெடித்தது. என் சட்டைக் காலரைப் பிடித்து அவர் இழுத்த வேகத்தில் நான் முற்றத்து மழையில் போய் விழுந்தேன். அவருடைய முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தோலில் ஈயப் பொட்டுகள் ஒட்டியிருந்தன. அதைப் பார்க்காமல் என்னிடம் வந்து "கண்ணு தெரியுதாடா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி இன்னும் காதில் இருக்கிறது.

ஹப்புத்தளை மூடுபனி:
அண்ணே, இரண்டு விஷயம் இடிக்கிறது. தோட்டங்களில் லீவர் வைத்துப் பார்த்த துவக்குகளில் முக்கால்வாசி கிரீனர் கம்பனியின் ஜீபி துவக்கு. அதுவும் மார்ட்டினி பிளாக்தான், ஆனால் 12 போர் (அகலக் குழல்), உள்ளே வழவழ என்று இருக்கும், சன்னம் (சிறு ஈய மணிகள்) போட்டுச் சுடுவது. அதை எல்லாரும் மார்ட்டினி என்றே சொல்வார்கள். அப்புறம் தேயிலைப் பெட்டித் தாள் அலுமினியம். அது உருக 660 பாகை வேண்டும், குசினி விறகடுப்பில் லேசில் நடக்காது.

என் கதை சின்னது. எங்கள் தோட்டத்தில் பழைய வித்துத் தேயிலையைப் பிடுங்கி மாற்றுக் கன்று வைத்தபோது ஒரு வேரோடு ஈயக் குண்டு ஒன்று வந்தது, மேலெல்லாம் வெள்ளை பூத்து, சுற்றி மூன்று பள்ளம். அந்தக் காலத்தில் யானை வேட்டைக்குப் பேர்போன வெள்ளைக்காரர் ரோஜர்ஸ் துரை யானை சுட்ட குண்டு என்று கங்காணி அடித்துச் சொன்னார். எடுத்துக் கையில் வைத்தவுடன் அதன் பாரம் என்னைத் திடுக்கிட வைத்தது, அவ்வளவு சின்னச் சாமானுக்குள் அவ்வளவு கனம். இன்றைக்கும் என் மேசை லாச்சியில் இருக்கிறது.

மெல்பேர்ன் ஹற்றன்வாசி:
தம்பி, ரோஜர்ஸாக இருக்க முடியாது. மேஜர் ரோஜர்ஸ் 1845இல் உங்கள் ஹப்புத்தளையிலேயே மின்னல் தாக்கி இறந்தவர், கல்லறை நுவரெலியாவில் இருக்கிறது. அவர் காலத்தில் யானை சுடக் குழல் வாய் வழியாக வெடிமருந்தை இடித்து உருண்டைக் குண்டு போட்டார்கள். சுற்றிப் பள்ளம் வைத்த நீளக் குண்டு அதற்குப் பிந்தியது, அந்தப் பள்ளத்தில்தான் மெழுகும் கொழுப்பும் தடவுவது. மார்ட்டினி ஹென்றிக்கு (இராணுவ மார்ட்டினி) இராணுவம் கொடுத்த குண்டுக்குப் பக்கம் வழவழப்பு, காகிதம் சுற்றியிருக்கும். அதனால் நீங்கள் வைத்திருப்பது யாரோ வீட்டில் வார்த்ததாக இருக்கலாம். ஓரத்தில் சாய்வாகக் கோடு ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் அது புரி (உள்ளே சுழன்று ஓடும் வரிப்பள்ளம்) வைத்த குழலில் சுட்டது.

இங்கே நான் ரேஞ்சில் கண்டது. லைசன்ஸும் பழைய மார்ட்டினியும் உள்ள ஒரு வயசான வெள்ளைக்காரர் பக்கத்து மேசையில். மார்ட்டினி சுட்டால் கருமருந்துப் புகை முகத்தை மறைக்கும், நெஞ்சு அதிரும். அவர் ஒரு தடவை விசையை இழுத்தபோது வெறும் "டிக்", அவ்வளவுதான். லீவரைத் தள்ளி அடுத்த தோட்டாவைக் கையில் எடுத்துவிட்டார். நான் அவர் தோளைப் பிடித்தேன். குழலுக்குள் கம்பி விட்டுப் பார்த்தால் உள்ளே குண்டு மாட்டி நிற்கிறது. மருந்து போட மறந்த கோது, கெப்பின் (அடியில் தீப்பொறி தரும் மூடியின்) சக்தி மட்டும் குண்டைக் குழலுக்குள் தள்ளியிருக்கிறது. அடுத்தது போயிருந்தால் குழல் பிளந்திருக்கும், என் முகமும் அங்கேதான் இருந்தது.

இதைச் சொன்ன பிறகு சும்மா இருக்க முடியவில்லை, வெளிநாட்டில் முறைப்படி செய்கிற நம் பொடியன்கள் கேளுங்கள். குண்டு வைக்கும் முன் ஒவ்வொரு கோதுக்குள்ளும் டோர்ச் அடித்துப் பார்க்க வேண்டும், ஒன்று விடாமல். மார்ட்டினியின் பழைய கணக்கு 85 கிரேன் (சிறு எடை அளவு) கருமருந்து, 480 கிரேன் குண்டு. கருமருந்தில் கோது நிறைந்துவிடும், வெற்றிடம் விடவே கூடாது. இந்தக் காலத்துப் புகையில்லா மருந்து அதே கோதில் கொஞ்ச இடம்தான் பிடிக்கும், இரண்டு தரம் விழுந்தாலும் கோது வழியாது, கண்ணுக்கு எளிதில் தெரியாது. கருமருந்துக்குச் செய்த துவக்கில் அதை அளவு பார்த்து மாற்றிப் போடுவது கையை இழப்பதற்குச் சமம். குண்டு வார்க்க இராணுவக் கலவை ஈயம் 12 பங்கு, வெள்ளீயம் 1 பங்கு. வெள்ளீயம் சேர்ந்தால் அச்சின் மூலை நிரம்பும். டயர் பாரத்தை (சக்கரத்தைச் சமன்செய்யப் பொருத்தும் சிறு கட்டியை) உருக்குகிறவர்கள் இப்போது வருவதில் துத்தநாகம் இருப்பதைக் கவனியுங்கள், அது கலந்தால் சட்டி முழுவதும் வீண். குண்டு சுருக்கம் விழுந்தால் அச்சு சூடாகவில்லை, மேலே உறைபனி பூத்தால் சூடு கூடிவிட்டது.

மஸ்கெலியா தம்பிக்கு: உருகின ஈயத்தின் மேல் சொட்டு விழுந்தால் பெரும்பாலும் சீறி ஆவியாகிவிடும். வெடிப்பது தண்ணீர் ஈயத்துக்கு அடியில் மாட்டிக்கொள்ளும்போது. அகப்பையை அமிழ்த்திய நேரம் என்று எழுதியிருக்கிறீர்கள், காரணம் அதுதான். ஈர அகப்பை, குளிர்ந்த மலைக்காற்றில் வேர்த்த ஈயக்கட்டி, எல்லாம் அதே வேலைதான் செய்யும்.

மஸ்கெலியாக்காரன்:
ஹப்புத்தளைக்குப் பதில். நான் சொன்னது அலுமினியத் தாள் வருவதற்கு முந்திய பெட்டி. அந்தத் தாளை நகத்தால் கீறினால் கோடு விழும், மடித்தால் மடித்தபடியே கிடக்கும். 327 பாகையில் ஈயம் உருகிவிடும், கருப்பந்தேயிலை மரத்து விறகே போதும். துவக்கும் ஜீபி இல்லை. சின்ன வயதில் சுண்டுவிரலைக் குழலில் விட்டுப் பார்த்திருக்கிறேன், உள்ளே புரி விரலைச் சுரண்டியது. 12 போரில் பெருவிரலே போகும்.

கொழுந்துக்கூடை:
அண்ணமார் துவக்குப் பெயருக்குச் சண்டை பிடிக்கிறீர்கள். எங்கள் தாத்தா பன்றி சுடக் குண்டு வார்க்கும் இரும்புக் கரண்டி எங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீட்டில்) ஒன்றுதான். அவர் முடித்ததும் சாம்பல் போட்டுத் தேய்த்து, அதிலேயே அம்மா கடுகு தாளிப்பார். கரண்டியின் விளிம்பில் வெள்ளிக் கோடு ஒன்று எப்போதும் இருக்கும், தம்பி அதை நக்குவான். அவனுக்குப் பள்ளிக்கூடத்தில் எழுத்து ஏறவே இல்லை. எல்லாரும் அவனை அடித்தார்கள், நானும் அடித்தேன். ஈயம்தான் காரணம் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை, பரிசோதிக்கவும் இல்லை. புகைதான் ஆபத்து, காற்றோட்டம் இருந்தால் போதும் என்று ஊரில் சொல்வார்கள். இது பற்றி யாருக்காவது தெரியுமா?

மெல்பேர்ன் ஹற்றன்வாசி:
தங்கச்சி, புகை இரண்டாவது. வார்க்கும் சூட்டில் ஈயம் ஆவியாவது மிகக் குறைவு, தெரியும் புகை அதிகமும் மெழுகும் எண்ணெயும் எரிவது. கசடும் தூசியும் கை வழியாக வாய்க்குப் போவதுதான் பெரிய ஆபத்து, சின்னப் பிள்ளைகளின் மூளைக்கு அது நேரடிக் கேடு. ஈயம் பட்ட பாத்திரம் மறுபடி சமையலுக்கு ஆகாது, எவ்வளவு தேய்த்தாலும் சரி. தம்பிக்கு இரத்தத்தில் ஈயம் பார்க்கச் சொல்லலாம், ஆனால் பழையது இரத்தத்தில் தெரியாமல் எலும்பில் தங்கியிருக்கும். அதனால் எண் குறைவாக வந்தாலும் அன்று ஒன்றுமில்லை என்று அர்த்தம் இல்லை.

வெலிமடை உருளைக்கிழங்கு:
நான் வார்ப்பதும் இல்லை, சுடுவதும் இல்லை. பன்றி ஒரே இரவில் பாத்தியைப் புரட்டிப் போடும் வேதனை தெரியும், அதனால் யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் எங்கள் பக்கத்துக் காணிக்காரர் கட்டுத் துவக்கு (கம்பியில் கால் பட்டால் தானே வெடிக்கும் துவக்கு) வைத்தார். விடியற்காலை அந்தக் கம்பியில் கால் வைத்தது அவருடைய மச்சான். தூக்கிக்கொண்டு ஓடினோம். ஈயம் எலும்பில் பட்டுச் சிதறியிருந்தது, முழுவதும் எடுக்க முடியவில்லை என்றார்கள். குளிர் காலத்தில் முழங்காலுக்குக் கீழே இன்னும் குத்துகிறதாம். வைத்தவர் மறியலில் (சிறையில்) இருந்தார், வீட்டுப் பெண்கள்தான் இரண்டு காணியையும் பார்த்தார்கள். மார்ட்டினியா கிரீனரா என்று பேசுங்கள், நல்லது. லைசன்ஸ் இல்லாத துவக்கும் மருந்தும் வீட்டில் இருந்தால் மட்டும் இங்கே எழுதாமல் முதலில் ஒரு வக்கீலிடம் பேசுங்கள், பிறகு பொலிஸில் ஒப்படைப்பதைப் பற்றி அவர் சொல்லுவார்.