புதுப்பிப்பு: முழங்கால் மாற்று அறுவைச் சிகிச்சை – மறுக்கப்பட்ட காப்பீட்டு முன்அனுமதி கிடைத்தது

அம்மாவின் வலது முழங்கால் மாற்று அறுவைச் சிகிச்சைக்கு, மருத்துவத் தேவை நிறுவப்படவில்லை என்று காப்பீட்டு நிறுவனம் முன்அனுமதி மறுத்ததைப் பற்றிக் கேட்டிருந்தேன். பதிலளித்த அனைவருக்கும் நன்றி. மேல்முறையீட்டில் அனுமதி கிடைத்து, அறுவையும் முடிந்துவிட்டது.

பலன் தந்தது, நிற்கும் நிலையில் எக்ஸ்ரே எடுக்கச் சொன்ன யோசனைதான். முதலில் அனுப்பிய படம் படுத்த நிலையில் எடுக்கப்பட்டது. உடல் எடை மூட்டில் இறங்காததால் எலும்புகளுக்கிடையே இடைவெளி இருப்பதுபோல், அதாவது மூட்டு அதிகம் தேயாததுபோல், அதில் தெரிந்தது. புதிய படத்தின் அறிக்கையில் மூட்டுத் தேய்மானத்தின் தீவிரத்தைக் குறிக்கும் கெல்கிரென்-லாரன்ஸ் அளவுகோலின்படி 4ஆம் நிலை, அதாவது அதன் உச்ச நிலை, என்று குறிப்பிடப்பட்டிருந்தது. அத்துடன் இயன்முறைச் சிகிச்சையின் வருகைப் பதிவு, மூட்டு ஊசிகள் போட்ட தேதிகள், எவ்வளவு தூரம் நடக்க முடிகிறது என்பதைச் சொல்லும் மருத்துவரின் கடிதம் ஆகியவற்றையும் இணைத்தோம். நான் பெரிதும் நம்பிய எம்.ஆர்.ஐ. அறிக்கையைக் காப்பீட்டு நிறுவனத்தார் பொருட்படுத்தவே இல்லை.

எதிர்பாராத சிக்கல் ஒன்று பிறகு வந்தது. பொருத்தப்பட்ட செயற்கை மூட்டின் தயாரிப்புத் தொகுதி எண் (batch number) கொண்ட ஒட்டுச்சீட்டு இல்லாததால் இறுதித் தொகையை நிறுத்திவைத்தார்கள். அது அறுவைக் குறிப்பேட்டில் ஒட்டப்பட்டிருந்தது, நகலைக் கொடுத்ததும் தொகை வந்துவிட்டது.