தச்சு பெஞ்சுக்கு இரும்பு வைஸா, கால் வைஸா?

வணக்கம். கை இழைப்புளி வேலைக்கு 6 அடி நீளம், 2 அடி அகலத்தில் பெஞ்ச் செய்கிறேன். மேல்பலகை 3 அங்குல வேம்பு, கால் 4க்கு 4, உயரம் 34 அங்குலம், அதாவது என் மணிக்கட்டு மட்டம். முன்கால்களும் மேல்பலகை விளிம்பும் ஒரே தளத்தில் இருப்பதால் கதவுச் சட்டத்தைக் காலோடு சேர்த்தே கிளாம்ப் போடலாம்.

குழப்பம் முன்பக்க வைஸில்தான், அதாவது கட்டையைத் திருகி இறுக்கிப் பிடிக்கும் கருவியில். தாடையைத் திருகாமலே சட்டென நகர்த்தக்கூடிய 9 அங்குல குவிக் ரிலீஸ் இரும்பு வைஸ் மாட்டச் சுலபம். ஆனால் ஒரு ஓரத்தில் மட்டும் கட்டையைப் பிடித்தால் தாடை கோணிக்கொள்ளும். மறு ஓரத்தில் அதே கனத்தில் துண்டு செருகணும். பலகையை நட்டமாக நிறுத்தினால் வழிகாட்டிக் கம்பி வேறு இடிக்கும்.

பெஞ்சின் முன்காலிலேயே பொருத்தும் கால் வைஸில் அந்தக் கம்பித் தொல்லை இல்லை, பிடியும் பலம். ஆனால் கட்டையின் கனம் மாறும்போதெல்லாம் குனிந்து, தாடையின் அடிப்பக்க இடைவெளியை நிறுத்தும் ஊசியை (பின்) வேறு ஓட்டைக்கு மாற்றணும்.

கேள்விகள்: லேத்தில் சதுரப் புரி கடைந்தால் கால் வைஸின் திருகு 25 மி.மீ. விட்டம் போதுமா, 32 வேண்டுமா? புரி இடைவெளி 5 மி.மீ. வைத்தால் திறந்து மூட நேரமாகுமா? தாடைக்கு வேங்கை தாங்குமா? பெஞ்சின் முனையில் மாட்டும் வால்பக்க வைஸே இல்லாமல், ¾ அங்குல ஓட்டையில் தட்டி இறக்கும் ஹோல்ட்ஃபாஸ்டை (கட்டையை அழுத்திப் பிடிக்கும் வளைந்த இரும்புக் கொக்கி) மட்டும் வைத்து ஓட்டுபவர்கள் யாராவது?

வெல்டிங் பட்டறை வைஸைச் சொல்லாதீர்கள், அதன் பல் மரத்தில் பதிந்துவிடும்.