வெள்ளத்தில் நனைந்த எச்ஓ ரயில் மாடல்கள்

கேள்வி: எச்ஓ, அதாவது 1:87 அளவு இன்ஜின் ஆறு, பெட்டி இருபது, ரெண்டு நாள் சேத்துத் தண்ணியில கிடந்தது. மூணு இன்ஜின்ல டிசிசி டிகோடர் (தண்டவாளம் வழியா வர்ற டிஜிட்டல் கட்டளையை வாங்கி மோட்டாரை ஓட்டுற சின்ன சர்க்யூட் போர்டு). ஓட்டிப் பார்க்கலாமா?

பதில்: கரண்ட் கொடுத்துடாதீங்க! ஈரத்தோட கொடுத்தா டிகோடர் போர்டோட செப்புத் தடம் அரிச்சுடும். மூடியைக் கழற்றி, டிஸ்டில்டு வாட்டர்ல சேறு போக அலசுங்க. போர்டுக்கு மட்டும் 99% ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், மெல்லிய பிரஷ். பெயின்ட்ல பட்டா எழுத்து கரையலாம்.

பதில்: ஹேர் டிரையர் வேண்டாம், பிளாஸ்டிக் வளையும். ஃபேன் காத்து, அப்புறம் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில நாலஞ்சு நாள். மோட்டார் பேரிங்குக்கு ஊசி முனையில ஒரு சொட்டு எண்ணெய் போதும். அதிகமானா கம்யூட்டேட்டர்ல (மோட்டார் சுருளுக்குக் கரண்ட் கடத்துற செப்பு வளையம்) பரவி, பிரஷ் தேய்ஞ்சு விழற கார்பன் தூளோட சேர்ந்து கறுப்புப் பசையாயிடும்.

பதில்: நிக்கல் சில்வர் (செம்பு, நிக்கல், துத்தநாகக் கலவை) தண்டவாளம் துருப்பிடிக்காது, துடைச்சா சரி. ஸ்டீல் அச்சு, திருகாணிதான் துருப்பிடிக்கும், அதைக் காயவைக்கிறதுதான் அவசரம். அட்டைப்பெட்டியையும் எறியாதீங்க, பிரிச்சு, மையொற்றுத் தாளுக்கு நடுவே தட்டையா காயவைங்க.