5 வாரக் குட்டிப் பூனை திடீர்னு துவண்டு கிடக்கு, கிளினிக் போறதுக்குள்ள என்ன செய்யணும்?

தெம்பனிஸ்_வாசுகி
அவசரம். மீட்புக் குழுவுக்காக ஃபாஸ்டர் (தற்காலிகமா வீட்ல வச்சுப் பார்த்துக்க) எடுத்திருக்கும் 3 குட்டிகளில் ஒண்ணு. வயசு ஏறக்குறைய 5 வாரம். நேத்து காலை எடை 480 கிராம், இன்னைக்கு 445. ராத்திரி 9 மணிக்கு ஈர உணவு நல்லா சாப்பிட்டுச்சு. விடியற்காலையில மஞ்சளா ரெண்டு தடவை வாந்தி. இப்ப கூப்பிட்டா தலை தூக்கல. காதும் பாதமும் ஜில்லுன்னு இருக்கு. பேதி இல்ல. பூச்சி மருந்து ஒரு தடவை கொடுத்தாச்சு, தடுப்பூசி இன்னும் போடல. 24 மணி நேரக் கிளினிக் 40 நிமிஷத் தூரம். அதுவரைக்கும் குட்டிகளுக்கான பால்மாவை சிரிஞ்சில கொடுக்கலாமா? மத்த ரெண்டும் ஓடி விளையாடுதுங்க.

மெளனராகம்
பால் வேண்டாம், தண்ணியும் வேண்டாம். உடம்பு ஜில்லுன்னு இருக்கும்போது குடல் ஓடாது. உள்ளே போனது வயித்துலயே தேங்கி நிக்கும். விழுங்கத் தெம்பில்லாத குட்டிக்கு ஊத்தினா நுரையீரலுக்குப் போய் நிமோனியா ஆயிடும். முதல்ல சூடு, அடுத்து சர்க்கரை, சாப்பாடு அதுக்கு அப்புறம்தான்.

சூடுன்னா இப்படி: 500 மி.லி. பாட்டில் ரெண்டுல வெந்நீர் ஊத்தி, துண்டு சுத்தி, கேரியருக்குள்ள ரெண்டு பக்கமும் வைங்க. சுத்தின பாட்டிலை உங்க மணிக்கட்டு உள்பக்கம் வச்சுப் பாருங்க. ஒரு நிமிஷம் தாங்க முடியணும். குட்டி நகர்ந்துபோக ஒரு பக்கம் இடம் விடுங்க. ஹேர் டிரையர், சுடுதண்ணிக் குளியல் ரெண்டும் கூடாது. தோல் மட்டும் சட்டுன்னு சூடானா ரத்தம் எல்லாம் தோலுக்கு ஓடி, ரத்த அழுத்தம் இறங்கிடும். மெதுவா, ஒரு மணி நேரத்துக்கு மேல எடுத்துக்கிட்டு ஏறட்டும். அதுக்காக வீட்ல காத்திருக்காதீங்க, போற வழியிலேயே நடக்கட்டும்.

டிஜிட்டல் தெர்மாமீட்டர் இருந்தா நுனியில வாசலின் தடவி ஆசனவாயில 1 செ.மீ. மட்டும். இந்த வயசுக்கு 38லிருந்து 39 டிகிரி வரை சரி. 35ஐ ஒட்டி இருந்தா ரொம்ப ஆபத்து. 39.5க்கு மேல காட்டினா அது காய்ச்சல், பாட்டிலை எடுத்துடுங்க.

சர்க்கரை: தேனை விரல் நுனியில தொட்டு ஈறு உள்பக்கம் தேய்ங்க. தேன் இல்லன்னா ஒரு தேக்கரண்டி சர்க்கரையை ரெண்டு தேக்கரண்டி வெதுவெதுப்பான தண்ணியில கரைச்சுக்கோங்க. ஒண்ணு ரெண்டு சொட்டு, 10 நிமிஷத்துக்கு ஒரு தடவை. வாய்க்குள்ள ஊத்தாதீங்க.

கிராப் டாக்சி ஆப்ல செல்லப்பிராணி வண்டியாவே புக் பண்ணுங்க. சாதாரண வண்டி வந்து ஓட்டுநர் மறுத்தா 10 நிமிஷம் போச்சு. ஏறினதும் ஏர்கான் குறைக்கச் சொல்லுங்க.

கருவாட்டுக்_காவலன்
கிளம்பும் முன் ரெண்டு போன். முதல் போன் கிளினிக்குக்கு: "தடுப்பூசி போடாத குட்டி, வாந்தி, உடம்பு குளிர்ந்திருக்கு, பார்வோவா இருக்கலாம்" என்று சொல்லுங்கள். பார்வோ என்பது பூனைகளிடம் வேகமாகத் தொற்றும், உயிருக்கே ஆபத்தான வைரஸ் நோய். பல இடங்களில் உங்களை வரவேற்பறையில் உட்கார விடாமல் நேரே உள்ளே எடுப்பார்கள். மற்ற பூனைகளுக்கும் அதுதான் நல்லது. அடுத்த போன் மீட்புக் குழுப் பொறுப்பாளருக்கு. மெசேஜ் போதாது, அழையுங்கள். மருத்துவமனையில் வைப்பது, எவ்வளவு செலவு வரை போவது, கடைசியில் கருணைக்கொலை என்ற பேச்சு வந்தால் யார் முடிவெடுப்பது, எல்லாம் அவர்கள் கையில். கவுன்டரில் நின்றுகொண்டு இதைப் பேசினால் சிகிச்சைதான் தாமதமாகும்.

ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: இரண்டு நாள் எடை, கடைசியாகச் சாப்பிட்ட நேரம், வாந்தி எத்தனை முறை, என்ன பூச்சி மருந்து, என்றைக்கு. வாந்தியைப் படம் எடுங்கள். மலம் இருந்தால் ஜிப் பையில்.

ஈறின் நிறத்தையும் பாருங்கள். காகிதம் போல வெளுத்திருந்தால் தெள்ளு உறிஞ்சிய ரத்தசோகையாகவும் இருக்கலாம். அரைக் கிலோகூட இல்லாத குட்டியைத் தெள்ளே கொன்றுவிடும். சீப்பால் மட்டும் வாருங்கள். நாய்க்கான தெள்ளுச் சொட்டு மருந்து பலவற்றில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கும், பூனைக்கு அது விஷம். பனடாலும் (பாராசிட்டமால்) பூனைக்கு விஷம், துளிகூடக் கூடாது. 100பிளஸ் பானம் கொடு என்று யாராவது சொல்வார்கள். அதுவும் வேண்டாம்.

தோலுக்கடியில் சலைன் ஏற்றத் தெரிந்தவர்களும் இப்போது ஏற்ற வேண்டாம். குளிர்ந்த உடம்பில் தோலுக்கு ரத்த ஓட்டம் குறைவு, திரவம் உறிஞ்சப்படாமல் அப்படியே நிற்கும். கிளினிக்கில் ரத்தக் குழாய் வழியாகவோ எலும்பு வழியாகவோ போடுவார்கள்.

தெம்பனிஸ்_வாசுகி
35.4 காட்டுச்சு. சேர்த்தாச்சு. பார்வோ டெஸ்ட் கிட் நெகட்டிவ், ஆனா வெள்ளணு 1,800தான். அட்மிட் பண்ணிட்டாங்க, டிரிப் ஓடுது. நெகட்டிவ்னா மத்த ரெண்டும் தப்பிச்சுதா?

மெளனராகம்
இல்ல. அந்தக் கிட் நாய்ப் பார்வோவுக்குச் செஞ்சது, பூனைக்கும் பயன்படுத்துறாங்க. பாசிட்டிவ் வந்தா நம்பலாம். நெகட்டிவ் வந்தா நோய் இல்லன்னு அர்த்தம் இல்ல, வைரஸ் மலத்துல எப்பவும் ஒரே அளவுல வெளியேறாது. வாந்தியோட வெள்ளணு 2,000க்குக் கீழ போனா பான்லுக்கோபீனியா (பூனைப் பார்வோவோட மருத்துவப் பெயர்)ன்னே வச்சுத்தான் வைத்தியம் பார்ப்பாங்க. நீங்களும் வீட்டை அப்படியே நடத்துங்க.

மத்த ரெண்டையும் 14 நாள் தனியா வைங்க. தொற்றினதிலிருந்து அறிகுறி தெரிய 2 முதல் 10 நாள் ஆகலாம். காலை மாலை ஒரே நேரத்துல, சாப்பாட்டுக்கு முன்னாடி, சமையல் தராசுல எடை போடுங்க. இந்த வயசுல தினம் 10 கிராமாவது ஏறணும். ஏறாம நின்னாலே கிளினிக்குக்குப் போன் பண்ணுங்க, வாந்திக்காகக் காத்திருக்க வேண்டாம். தண்ணிக் கிண்ணத்துக்கு முன்னாடி குனிஞ்சு உட்கார்ந்துக்கிட்டு குடிக்காம இருந்தாலும் அப்படித்தான். நாலு வாரம் தாண்டிய குட்டிகளுக்கு இப்பவே தடுப்பூசி போடலாமான்னு டாக்டர்கிட்ட கேளுங்க.

கருவாட்டுக்_காவலன்
வைக்க நல்ல இடம் கழிவறைதான், ஓடு பதித்திருப்பதால் கழுவ எளிது. வீவக (சிங்கப்பூர் அரசு அடுக்குமாடி) வீட்டில் இருக்கும் பாம் ஷெல்டர், அதாவது குண்டுவீச்சுப் பாதுகாப்பு அறை, தோதாகத் தெரியும், ஆனால் கதவை மூடினால் காற்றோட்டம் போதாது.

சாதாரண வீட்டுப் பிளீச், 1 லிட்டர் தண்ணீருக்கு 30 மி.லி. தினமும் புதிதாகக் கலக்குங்கள். பலர் சறுக்குவது இங்கேதான்: அழுக்கின் மேல் பிளீச் வேலை செய்யாது. முதலில் சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவி, பிறகு பிளீச் ஊற்றி 10 நிமிடம் ஈரமாகவே விடவேண்டும். மின்விசிறி ஓடினால் நாலு நிமிடத்தில் காய்ந்துவிடும், அதை அணைத்துவிட்டு ஆரம்பியுங்கள். சிறுநீர் மேல் நேரே ஊற்றினால் நச்சு வாயு கிளம்பும். கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகே குட்டிகளை விடுங்கள். ஆல்கஹாலுக்கு இந்த வைரஸ் சாகாது. டெட்டால் பூனைக்கே ஆகாது. அட்டைப்பெட்டி, துணி பொம்மை, மரச் சுரண்டு கட்டை எல்லாம் கட்டிக் குப்பையில்.

வீட்டுக்குள் இந்த வைரஸ் ஒரு வருஷம்வரை தாங்கும். அதுவரை தடுப்பூசி முடிக்காத புதுக் குட்டி எதையும் அந்த வீட்டுக்கு எடுக்காதீர்கள், குழு எவ்வளவு கெஞ்சினாலும். புளோக்குக்குக் கீழே பூனைகளுக்குச் சாப்பாடு வைப்பவராக இருந்தால் இந்த 14 நாள் வேறு யாரிடமாவது விடுங்கள். முடியாவிட்டால் குளித்து, உடை மாற்றி, வேறு செருப்பு போட்டுக்கொண்டு போங்கள்.

தெம்பனிஸ்_வாசுகி
செருப்பு நினைப்பே வரல. மாலை எடை: 495, 510. ரெண்டும் காலையைவிட 5 கிராம் கூட.

மெளனராகம்
அரை நாளுக்கு அது சரியான ஏத்தம். நாளைக் காலையும் அதே தராசுல போடுங்க.